ஏசி போட்டா முள் இறங்குதுங்க



மூன்று மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. தினமும் காலை வணக்கம் போடுகிற மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பலரும் போன் செய்தீர்கள். எடுக்க முடியவில்லை, மன்னியுங்கள். வீட்டம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, சித்திரை பிறக்கும் சமயத்தில் கரண்ட் வைக்கிற கட்டத்துக்கு வந்திருந்தோம். நெருங்கின சொந்தத்துக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறாள். கவலைப்பட வேண்டாம்.

ஆனால் இன்றைக்கு எழுத வந்தது அவள் நோயைப் பற்றி இல்லை. என் காரைப் பற்றி. அதாவது காரைப் பற்றி எழுதுகிற மாதிரி ஆரம்பித்து, ஒரு தவறை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். நீளமாக இருக்கும். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

என் காரை உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். 2006-இல் வாங்கியது. கம்பெனி பேர் எதற்கு, அருப்புக்கோட்டையில் வெள்ளை நிறத்தில் இவ்வளவு பழசாக ஓடுவது இரண்டோ மூன்றோதான். பெரியவன் அதை விற்றுவிடச் சொல்லி நாலு வருஷமாகச் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை. அந்த மனசு வராத கார்தான் கரண்ட் வைக்க மதுரைக்குப் போய்வரக் கைகொடுக்கும் என்று நம்பினேன்.

மொத்தம் 25 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். போக 50 கிலோமீட்டர், வர 50 கிலோமீட்டர். உள்ளே அவள் இருப்பது பத்து நிமிஷம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அரை நாள். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் கரண்ட் வைத்த இடத்தில் தோல் நாளாக ஆகக் கருத்து, வெந்துபோன மாதிரி ஆகிவிடும். தளர்ந்த பருத்தி ரவிக்கைதான் போட முடியும். யாராவது ஒரு பை இடித்தால் உயிர் போய்விடும். அதனால் கார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். கண்ணாடியை இறக்கிவிடச் சொல்வாள். கீமோவுக்குப் பிறகு அடைத்த வண்டி வாசனையே அவளுக்குக் குமட்டும். அதனால் காலையில் ஏசி கிடையாது. திரும்பும்போது மணி பன்னிரண்டு ஒன்று ஆகிவிடும், வெயில் கொளுத்தும், அப்போது மட்டும் ஏசி போடுவோம். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது நாள். காரியாபட்டி தாண்டி நாலு வழிச் சாலையில் பறந்து வந்த வண்டி, மதுரைக்குள் நுழைந்து வில்லாபுரம் பக்கம் நெரிசலில் நின்றது. ஸ்கூல் பஸ், ஷேர் ஆட்டோ, மாட்டுத்தீவன லாரி எல்லாம் ஒன்றாக. ஐந்து நிமிஷம் நின்றிருப்போம். தற்செயலாகப் பார்க்கிறேன், எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழேயே படுத்திருக்கும் டெம்பரேச்சர் முள், முக்காலைத் தாண்டி நிற்கிறது. நெரிசல் விலகி வண்டி நகர்ந்ததும் இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. சரி, வெயில் என்று விட்டுவிட்டேன். காலை எட்டு மணிக்கு என்ன வெயில் என்று அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவது நாளும் அதே இடம், அதே கதை. அன்று மாலை வீட்டில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன் (ஆறின பிறகுதான்). கொஞ்சம் குறைந்திருந்தது. போர் தண்ணீரை ஊற்றினேன். இது முதல் மடத்தனம். எங்கள் தெரு போர் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளை படியும். அதைக் கொண்டுபோய் நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் உள்ள ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியாமல் என்ன செய்யும்? கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. கொதிநிலையை ஏற்றும், துருப் பிடிக்காமல் காக்கும். கலக்குவதாக இருந்தாலும் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. இன்னொன்று, கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள், நாய் நக்கிவிடும்.

ஒரு நோட்டுப் போட்டேன். பழக்கதோஷம். 36 வருஷம் பாடக்குறிப்பு எழுதின கை சும்மா இருக்காது. என்னிடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எந்தச் சோதனை செய்தாலும் நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்வேன். ஒரு பக்கம் காண்பன, மறு பக்கம் அறிவன. கண்ணால் கண்டதை மட்டும் முதல் பத்தியில் எழுது, உன் கற்பனையை அங்கே கொண்டுவராதே என்று பிரம்பை மேசையில் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அதேபோல் தேதி, இடம், முள் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தேன். நான் ஓட்டிக்கொண்டிருந்தால் அவள் எழுதுவாள். மருந்து சாப்பிட்ட நேரம் எழுதுகிற அதே நோட்டின் கடைசிப் பக்கங்கள்.

ஆறாவது நாள்தான் நான் சொல்ல வந்த நாள்.

அன்று நெரிசல் அதிகம். புழுக்கம் தாங்காமல் அவளே கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "ஏங்க, ஏசி போட்டா முள் இறங்குதுங்க."

எனக்கு வந்ததே கோபம். "ஏசி போட்டா இன்ஜினுக்கு லோடு கூடும். லோடு கூடினா சூடு கூடும். குறையுமா? உனக்கு என்ன தெரியும், சும்மா வா" என்று சொல்லி, ஏசியை நானே அணைத்தேன். முள் மறுபடி ஏறியது. "பாத்தியா, இவ்வளவு நேரம் ஏசி போட்டதோட பலன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

நான் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்தேன். ஏசி போட்டால் இன்ஜினுக்குச் சுமை கூடும் என்பது உண்மை. வண்டி சூடானால் முதலில் ஏசியை அணை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்னது கருத்து இல்லை, கண்டது. நான் சொன்னதுதான் கருத்து.

பத்தாவது நாள் முடிந்த சனிக்கிழமை வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பேர் வேண்டாம். நல்லவர்கள்தான், ஏமாற்றுகிறவர்கள் இல்லை. பழைய வண்டி, ஹீட் ஆகிறது என்றதும் வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார்கள். ரேடியேட்டரைக் கழுவினார்கள். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார்கள். மூடியை மாற்றினார்கள். புதுக் கூலன்ட் ஊற்றினார்கள். "ஃபேன் ஓடுதா தம்பி?" என்று கேட்டேன். என் கண் முன்னாலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசி பட்டனைத் தட்டினார் மெக்கானிக். முன்னால் ஃபேன் விர்ரென்று சுற்றியது. "பாத்துக்கங்க சார், ஃபேன் பக்கா." 4,200 ரூபாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தேன்.

திங்கட்கிழமை, பதினோராவது நாள். வில்லாபுரத்தில் சாக்கடை வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். முள் ஏறியது. முக்கால். அதற்கும் மேல். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். "சார், ஏசியை மட்டும் போட்றாதீங்க. ஹீட்டரை ஃபுல்லா வச்சு, ப்ளோயரையும் ஃபுல்லா வைங்க. இன்ஜின் சூடு உள்ள வந்துரும், முள் இறங்கும்" என்றார். அது சரியான யோசனைதான். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினிலிருந்து வரும் சுடுதண்ணீர் அதற்குள்ளும் ஓடும். ப்ளோயர் அந்தச் சூட்டை நம் முகத்தில் வீசும். இன்ஜினுக்கு அது ஆறுதல்.

இன்ஜினுக்கு ஆறுதல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு? சித்திரை மாதம், வெந்த தோலோடு உட்கார்ந்திருக்கிறவள் மேல் அடுப்புக் காற்று மாதிரி வீசுகிறது. கையில் இருந்த துண்டை நனைத்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டாள். "அங்க உள்ள அந்த மெஷின் இவ்வளவு சூடு இல்லீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு ஐந்து நிமிஷம் அப்படியே போனது. முள் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டேன்.

இறங்கி பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர், "பெரியவரே, கை வைக்காதீங்க!" என்று கத்தினார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இன்று முகம் வேறு மாதிரி இருந்திருக்கும். பிரஷர் குக்கர் கணக்குதான். அழுத்தத்தில் மூடி வைத்திருக்கிற வரை நூறு டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டு அடிக்கும். இதைப் பாடமாக நடத்தியவன் நான். கார் வைத்திருக்கிற பிள்ளைகள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கொதித்த வண்டியை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரமாவது அப்படியே விடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் வெடிப்பு விடும்.

மணி எட்டரை. அவளுக்கு ஒன்பது மணி முறை. அந்த ஆட்டோவிலேயே அவளை ஏற்றி அனுப்பினேன். கையில் ஃபைலும் நனைந்த துண்டும். நான் வண்டியோடு நின்றேன். பத்து நாளும் அவள் உள்ளே போகும்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் நான் இருப்பேன். உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்றாலும், வெளியே நான் இருப்பது அவளுக்குத் தெரியும். அன்று பெஞ்சு காலி. டீக்கடை நிழலில் நின்றுகொண்டு, ஒரு இரும்புப் பெட்டி ஆறுவதற்காக அவளைத் தனியாக அனுப்பிவிட்டோமே என்று நின்றேன். எனக்குக் கண்ணீர் வந்ததைப் பார்த்த டீக்கடைக்காரர், வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து, "சரியாயிரும் சார், என்ன மாடல்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ரேடியேட்டர் சுத்தம், தெர்மோஸ்டாட் புதுசு, ஃபேன் ஓடுகிறது, அப்படியும் கொதிக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்தான். ஹெட்டைக் கழற்றி, ஃபேஸிங் போட்டு, பத்து நாள் ஆகும், 28,000 ரூபாய் ஆகும். பெரியவன் போனில், "அப்பா, அந்த வண்டியைத் தூக்கிப் போடுங்க. டாக்ஸிக்கு நான் பணம் போடுறேன்" என்றான். பாவம், அவனும் கடன்காரன். டாக்ஸிக்கு வெயிட்டிங்கோடு ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். இன்னும் பதினாலு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செவ்வாய், புதன் டாக்ஸியில் போனோம். புதன் மாலை, பந்தல்குடி ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். ஹாரன் ஒரு மாதமாக விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை விற்பதானாலும் ஹாரனாவது அடிக்கட்டும் என்று. கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், நல்லாருக்கீங்களா? நான் 95-ல உங்ககிட்ட எட்டாவது" என்றான். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூடப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும்: கடைசி பெஞ்சு, பள்ளிக்கூட மணியில் எப்படிச் சத்தம் வருகிறது என்று பார்க்க ஏறி மாட்டிக்கொண்டவன். நடந்ததைச் சொன்னேன். விற்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவன் காரைத் தொடவே இல்லை. "சார், எப்ப எப்ப சூடாச்சு, எப்ப ஆகல?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பெருமை பொங்கியது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டினான். சிரித்தான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. காண்பனன்னு போட்டு, 'ரேடியேட்டர் அடைப்பு', 'வெயில் அதிகம்', 'ஏசியால் லோடு'ன்னு எழுதியிருக்கீங்க. இதெல்லாம் அறிவனல வரும் சார்."

முப்பது வருஷம் கழித்துத் திருத்தப்பட்ட நோட்டு. சிவப்பு மை ஒன்றுதான் குறைச்சல்.

பிறகு அவள் எழுதின பக்கங்களுக்குப் போனான். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். 'காலை 8.10, வில்லாபுரம், ஏசி இல்லை, முக்கால்.' 'மதியம் 12.40, வில்லாபுரம், ஏசி உண்டு, பாதி.' 'காலை, ஏசி போட்டேன், இறங்கியது. அணைத்தார், ஏறியது.' நான் சொல்லாமலே அவள் ஏசியையும் குறித்து வைத்திருக்கிறாள். தன் குமட்டலுக்காகக் குறித்தாளா, முள்ளுக்காகவா என்று தெரியாது. அவன் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இது யார் சார் எழுதினது?" என்றான். சொன்னேன். "அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. நாளைக்கு வண்டியை ஓட்டாம ஆறப்போட்டு வைங்க, சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்."

வியாழன் மாலை வந்தான். ஆறின வண்டி. முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் கலந்து ஆயில் பால் டீ நிறத்தில் இருக்குமாம். இல்லை. ரேடியேட்டர் நிரம்பியிருந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தான், குமிழி ஏதும் தொடர்ந்து வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. "கேஸ்கெட் இல்ல சார். அதுவும் கேஸ்கெட்டு போனா ஹைவேஸ்ல ஓட்டும்போதுதான் முதல்ல படுத்தும். உங்க வண்டி ஓடும்போது நல்லாருக்கு, நின்னாத்தானே சூடாகுது?"

மூடியைப் போட்டுவிட்டு, ஏசி போடாமல் வண்டியைச் சும்மா ஓடவிட்டுக் காத்திருந்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷம். மேல் ஹோஸ் சூடேறியது, கொஞ்சம் கழித்துக் கீழ் ஹோஸும் சூடானது. அப்படியென்றால் தெர்மோஸ்டாட் திறக்கிறது, தண்ணீர் சுற்றுகிறது. முள் பாதியைத் தாண்டியது. முக்காலுக்குப் போனது. ஃபேன் அசையவில்லை. "இப்ப பாருங்க" என்று ஏசியைப் போட்டான். ஃபேன் விர்ரென்றது. முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. அணைத்தான். ஃபேன் நின்றது.

"ஃபேன் ஓட ரெண்டு வழி சார். ஏசி போட்டா ஒரு வழியில கரண்ட் வரும். தண்ணி சூடானா இன்னொரு வழியில வரும். உங்களுக்கு ரெண்டாவது வழி செத்துப்போச்சு. ஒர்க்‌ஷாப்ல முதல் வழியப் பாத்துட்டு ஃபேன் பக்கான்னு சொல்லிட்டாங்க."

அப்போதுதான் மொத்தமும் எனக்கு விளங்கியது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், ஃபேன் தேவையே இல்லை. நிற்கும்போது காற்று இல்லை, ஃபேன்தான் காற்று. காலையில் ஏசி இல்லாமல் நின்றோம், ஃபேன் இல்லை, சூடானது. மதியம் ஏசியோடு நின்றோம், ஏசிக்காக ஓடின ஃபேன் ரேடியேட்டரையும் சேர்த்து ஆற்றியது. ஏசியால் கூடுகிற சுமையைவிட அந்தக் காற்று பெரிது. வண்டியைக் காப்பாற்ற என்று நான் ஏசியை அணைத்த ஒவ்வொரு தடவையும், மிச்சமிருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டிருந்தேன். அவளை ஹீட்டர் காற்றில் உட்கார வைத்திருக்கவே வேண்டியதில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

வெப்பச்சலனப் பாடம் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! பீக்கரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தைப் போட்டு ஊதா நிறம் மேலே ஏறி வருவதைக் காட்டும்போது எத்தனை கண்கள் விரியும். ரேடியேட்டர் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அது சூட்டைப் பெரும்பாலும் கதிர்வீச்சால் விடுவதில்லை, தன் மேல் ஓடும் காற்றிடம்தான் கொடுக்கிறது. காற்று ஓடவில்லையென்றால் கொடுக்க ஆள் இல்லை. இதைக் கரும்பலகையில் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பேன்.

அடுத்து அவன் செய்தது அழகான வேலை. ஒரு சின்னப் பித்தளை மரைச் சாமான், மேலே இரண்டு பின், அதில் ஒரு பிளக். அதுதான் ஃபேன் ஸ்விட்ச், தெர்மோ ஸ்விட்ச் என்றும் சொல்கிறார்கள். தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிச் சூடானால் உள்ளே தானாக இணைந்து ஃபேனுக்கு உத்தரவு கொடுக்க வேண்டியது அதன் வேலை. பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தான். சாவி போட்டதுதான் தாமதம், ஃபேன் ஓடியது. ஆக ஃபியூஸ் சரி, ரிலே சரி, வயரிங் சரி, மோட்டார் சரி. போனது ஸ்விட்ச் மட்டும். ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்லவும் முடியாது, இருபது வருஷம் வெந்நீரில் வேலை பார்த்திருக்கிறது, என்னைவிடக் கடினமான உத்தியோகம்.

நன்றாக ஆறின பிறகு பழையதைக் கழற்றிப் புதியதை வாஷரோடு மாட்டினான். சிந்தின கூலன்டை ஊற்றி நிரப்பி, காற்று போகும்வரை ஓடவிட்டான். ஸ்விட்ச் 480 ரூபாய், கூலி 200 ரூபாய். குரு தட்சிணை என்று ஏதாவது ஆரம்பித்துவிடுவானோ என்று பயந்தேன். இல்லை, வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது. ஹாரனையும் சரிசெய்துவிட்டுத்தான் போனான்.

மறுபடி சோதனை. ஏசி இல்லாமல் வாசலில் ஓடவிட்டு நானும் அவளும் படியில் உட்கார்ந்தோம். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் ஃபேன் தானாக விர்ரென்றது. இரண்டு நிமிஷத்தில் நின்றது. மறுபடி ஓடியது. மூன்று முறை எண்ணிய பிறகுதான் அணைத்தேன்.

அப்போது அவளிடம் சொன்னேன். நீ ஆறாவது நாளே சொன்னாய், நான்தான் வாயை அடைத்தேன் என்று. ஹீட்டர் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் வேறு எதையோ எதிர்பார்த்தேன். "அப்ப நாளைலருந்து கண்ணாடிய இறக்கி வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் பதினைந்தாவது நாள். வில்லாபுரத்தில் அதே பள்ளம், அதே நெரிசல். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இத்தனை வருஷத்தில் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. மிச்சப் பத்து நாளும் எங்கள் வண்டியில்தான் போனோம். ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு நான் பெஞ்சில் இருந்தேன். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வண்டியும் நின்றால் மட்டும் சூடானால், இன்ஜினைக் கழற்ற விடும் முன் ஏசி போடாமல் ஃபேன் ஓடுகிறதா என்று பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கூலன்ட் குறைந்தாலும், தண்ணீர் பம்பு தளர்ந்தாலும், ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டாலும் நிற்கும்போது சூடாகலாம். அதனால் எல்லோருக்கும் ஸ்விட்ச்தான் என்று நான் சொல்லவில்லை. ஏசி போட்டால் இறங்கும் என்பதும் என் வண்டிக்கு. உங்கள் ஃபேனே செத்திருந்தால் ஏசி போட்டால் இன்னும் கொதிக்கும்.

ஒர்க்‌ஷாப்காரரிடமும் போய்ச் சொன்னேன், சண்டைக்கு இல்லை. "அடடா, ஏசி இல்லாம விட்டுப் பாத்திருக்கணும் சார்" என்றார். 4,200-ஐப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய ஸ்விட்ச் டிவி பக்கத்தில் இருக்கிறது. பேரன் வந்தால் வெந்நீரில் போட்டுப் பல்பு எரிகிறதா என்று காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். நான் டீக்கடையில் அழுத இடத்தை எடுத்துவிடச் சொன்னாள், எடுக்கவில்லை. இன்னொரு திருத்தமும் சொன்னாள்: ஆறாவது நாள் இல்லையாம், ஏழாவது நாளாம். நோட்டைப் பார்த்தேன். ஏழுதான்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்